மர்லின் பிரிண்ட்டுக்கு 195 மில்லியனா?

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் வரைஞ்ச, ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவோட படம் 2022 மே மாசம் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்துல சுமார் 195 மில்லியன் டாலருக்கு போச்சுல்ல, அதை நிறைய பேர் பிரிண்ட்னே சொல்றாங்க, அது சரியில்ல. அது 1964ல கேன்வாஸ்ல பெயிண்ட் பண்ணி அதுமேல சில்க்ஸ்கிரீன், அதாவது வலைத்துணி வழியா மை தள்ளி உருவத்தை பதிக்கிற முறைல போட்டது. பேப்பர்ல அடிச்ச மர்லின் பிரிண்ட் செட் 1967ல வந்தது, பத்து படம், ஒவ்வொண்ணும் 36 இன்ச் சதுரம், ஒவ்வொண்ணுலயும் 250 காப்பி. ரெண்டுக்கும் மூலம் நயாகராங்கிற மர்லின் நடிச்ச சினிமாவுக்காக எடுத்த அதே பப்ளிசிட்டி போட்டோதான், ஆனா விலை மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இதுல மாட்டிக்கிறது புதுசா வாங்குறவங்கதான். 1970லேர்ந்து சண்டே பி மார்னிங்னு ஒரு பேர்ல அதே மர்லினை திரும்ப அடிச்சு விக்கிறாங்க, முன்பக்கம் பார்த்தா ஒண்ணும் புரியாது, பின்பக்கம் திருப்பினாதான் அந்த பேர் போட்ட முத்திரை தெரியும், ஆனா அசல் 1967 செட்ல பின்னாடி பென்சில் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்ப்ல நம்பரும் இருக்கும். ஏல செய்தி போடும்போது இது கேன்வாஸா பேப்பரா, எந்த வருஷம், எத்தனை காப்பினு ஒரு வரி சேர்த்து போடுங்க சார், தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்