கண்டல் தினமும் கச்சான் காலமும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஜூலை 26, உவர்நீர்க் கரைகளில் வளரும் கண்டல் (அலையாத்தி) மரங்களுக்கான தினமாக அமைந்ததற்குக் காரணம், 1998இல் அதே நாளில் எக்குவடோர் நாட்டின் முயிஸ்னேயில் மக்கள் சட்டவிரோத இறால் குளமொன்றை அழித்து, அந்நிலத்தை மீண்டும் கண்டல் காடாக்க முனைந்த போராட்டமாகும். யுனெஸ்கோ அதனைச் சர்வதேச தினமாக ஏற்றது 2015இல்தான். இறால் பண்ணைகளுக்காகக் கண்டல்களை இழந்த மட்டக்களப்பு வாவிக்கரைக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. ஆயினும் இங்கு அத்தினம் பெரும்பாலும் கன்று நட்டுப் படமெடுப்பதோடு முடிந்துவிடுகிறது. கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் அவ்வறட்சிக் காலத்தில் வாவியில் உப்பு மிகுந்திருக்க, இளங்கன்றுகள் தாக்குப்பிடிப்பது கடினம். ஆகவே, ஜூலையில், எஞ்சியுள்ள கண்டல்களின் எல்லைகளை அளந்து அடையாளமிட்டு, அங்கு குப்பை கொட்டுவதைத் தடுத்து, நடுகையை வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு ஒத்திவைக்குமாறு (படப்பிடிப்பாளர்கள் அப்போதும் வரலாம்) உரிய அதிகாரிகளையும் பாடசாலைகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
மட்டக்களப்பு.