ஏவிய கையைப் பற்றி ஒரு நாவல்: வாசகர் வட்டத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பினாங்கு வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உளவுக் கதைகளும் துப்பறியும் கதைகளும் அடுத்த ஆண்டு வாசிப்புப் பட்டியலில் இடம்பெறா என்று சென்ற கூட்டத்தில் எடுத்த முடிவைத் தாங்கள் மறுபரிசீலனை செய்து, இயன் ஃபிளெமிங் எழுதிய ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’ நாவலுக்கு ஒரு மாதமாவது ஒதுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

சௌரஸ்தா சந்தை மாடியில், முதுகு பிரிந்து நூலால் கட்டிவைத்திருந்த இந்நாவலின் பழைய படி ஒன்று எனக்குக் கிடைத்தது. 1974இல் வந்த படத்தைப் பார்த்திருந்ததால் தெரிந்த கதைதானே என்று எண்ணித்தான் பிரித்தேன். படம் தாய்லாந்துக்கும் ஹாங்காங்குக்கும் போகிறது. நாவலில் வேட்டை நடப்பது ஜமைக்காவில். அதைவிடப் பெரிய வேறுபாடு தொடக்கத்திலேயே இருக்கிறது. சோவியத் உளவுத்துறையால் மூளைச்சலவை செய்யப்பட்டுத் திரும்பும் ஜேம்ஸ் பாண்ட், தன் சொந்தத் தலைவரையே சயனைடு பீய்ச்சிக் கொல்ல முயல்கிறான். கூரையிலிருந்து இறங்கும் கண்ணாடித் தடுப்பு அவரைக் காப்பாற்றுகிறது. சிகிச்சை முடிந்ததும் அதே தலைவர், ஸ்கரமாங்கா என்ற கூலிக் கொலைகாரனைக் கொன்றுவிட்டு வா என்று அவனை அனுப்புகிறார். நேற்று ஒருவர் ஏவிய கொலைகாரன், இன்று இன்னொருவர் ஏவும் வேட்டைக்காரன்.

இருவரும் முதன்முதலில் சந்திப்பது சவானா-லா-மார் என்னும் கடலோர ஊரின் லவ் லேனில். நம் ஜார்ஜ்டவுனிலும் அதே பெயரில் ஒரு தெரு இருப்பதால், அந்த அத்தியாயத்தைப் படிக்கையில் என் கண்முன் நம் தெருவில் கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதைதான் விரிந்தது. அங்கே, ஒரு பெண் ஆசையாய் வளர்த்த இரண்டு பறவைகளை ஸ்கரமாங்கா காரணமின்றிச் சுட்டு வீழ்த்துகிறான். ஆனால் இவனே சிறுவயதில் சர்க்கஸில் ஒரு யானையை உயிராய் நேசித்தவன். மதம் பிடித்த அந்த யானையைச் சுட்டுக் கொன்ற காவலரைக் கொன்றதில்தான் இவன் பாதை தொடங்குகிறது. ‘மதம்’ என்ற சொல்லைச் சங்க காலந்தொட்டு அறிந்த நமக்கு இதைப் பேச நிறைய இருக்கிறது. பிறகு ஒரு காரில், ஸ்கரமாங்காவின் பிடரி பாண்டின் துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அவன் சுடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று கொல்ல அவன் மனம் ஒப்பவில்லை. ஆணையிடப்பட்ட கொலைக்கும் கூலிக்குச் செய்த கொலைக்கும் இடையே என்ன வேறுபாடு என்ற கேள்வியை நான் அந்தப் பக்கங்களில்தான் கூர்மையாக உணர்ந்தேன்.

குறைகளை மறைக்கவில்லை. ஃபிளெமிங் 1964 ஆகஸ்டில் மறைந்தார். நாவல் 1965இல்தான் வெளிவந்தது. செப்பனிடப்படாத இடங்கள் தெரிகின்றன. 1962இல் விடுதலை பெற்ற ஜமைக்காவின் மக்களை அவர் காலனியாட்சியின் கண்ணால் பார்ப்பது என்னை உறுத்தியது. 1957இல் விடுதலை பெற்ற நாட்டின் வாசகர்களாகிய நாம் அதையும் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

தாங்கள் இசைந்தால் லவ் லேன் அத்தியாயத்தை நானே தமிழாக்கி, உறுப்பினர் அனைவருக்கும் வாசித்துக் காட்ட அணியமாக இருக்கிறேன். அரைமணி நேரம் போதும்.

அன்புடன்,
வட்டத்தின் உறுப்பினர் ஒருவர்