பக்கவாதத்திலிருந்து மீள்பவர் நடக்கச் சமதரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கவாதத்திலிருந்து மீள்பவரை அன்பின் பெயரால் கட்டிலிலேயே முடக்கிவிடுவது நம் வீடுகளில் இன்னும் வழக்கமாக இருப்பது வேதனை தருகிறது. மருத்துவர் அனுமதித்தபின் உட்கார்ந்து எழுவது, பிடித்துக்கொண்டு நிற்பது, பாதிக்கப்பட்ட கையாலேயே டம்ளரைப் பற்றுவது என ஒரே செயலை நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான், சேதமடையாத மூளைப் பகுதிகள் இழந்த வேலையை மெல்லக் கற்றுக்கொள்கின்றன. உடல்நிலை சீரானவர்கள் வாரத்தில் 3 முதல் 5 நாள், 20 முதல் 60 நிமிடம் வரை, தேவையெனில் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடைப்பயிற்சி போன்றவற்றைச் செய்யலாம் என அமெரிக்க இதய சங்கம் 2014-இல் பரிந்துரைத்தது.

ஆனால் நீலகிரியில் எங்கே நடப்பது? கோத்தகிரிப் பகுதியின் தோட்டக் குடியிருப்புகள் பலவற்றில் வாசலைத் தாண்டினாலே படிக்கட்டுதான். மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும் அப்படிகளில் கைப்பிடிக் கம்பி கிடையாது, நான்கு கால் ஊன்றுகோலோ சரிவில் முழுதாகப் பதியாமல் ஆடுகிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவது பேருதவி. மலைக் கிராமங்களுக்கு அவர்கள் வரும் நாள்களை அரசு கூட்ட வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள் படிகளுக்குக் கைப்பிடிக் கம்பி அமைத்து, சமுதாயக் கூடங்களைக் காலை நேர நடைக்குத் திறந்துவிட வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கோத்தகிரி.