டோடோவின் முழங்கால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மொரிசியஸ் பயணக் குறிப்பில், போர்ட் லூயி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு மூன்றே வரி. டோடோவின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாமாம். டோடோ, டச்சுக்காரர்கள் தின்றே தீர்த்த பறவையாம். பத்து நிமிடத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. துறைமுகப் பக்கம் வெயிலில் அலைந்தவருக்குப் பொறுமை அவ்வளவுதான் மிஞ்சியிருக்கும். மற்றதை அப்படியே விட மனமில்லை.

1598இல் வந்திறங்கிய டச்சு மாலுமிகள் டோடோவை அடித்துச் சாப்பிட்டது உண்மைதான். ஆனால் அவர்கள் அதற்கு வைத்த பெயரே 'அருவருப்புப் பறவை'. வேகவைக்க வேகவைக்கக் கறி இன்னும் கெட்டியாகிறது என்று அலுத்துக்கொண்டு எழுதியும் வைத்திருக்கிறார்கள். கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும், தரையில் கிடந்த முட்டைகளை விட்டுவைக்கவில்லை. காடும் வெட்டுப்பட்டது. உயிரோடு கண்டதற்கான கடைசி நம்பத்தக்க குறிப்பு 1662ஆம் ஆண்டினுடையது என்பதே பெரும்பாலோர் கருத்து.

போன மாதம் ரோஸ் ஹில்லிலிருந்து மெட்ரோவில் பேரனை அந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். எங்கள் கிரியோல் மொழியில் 'தோதோ' என்றால் குழந்தையின் தூக்கம். "இது எப்ப தாத்தா முழிச்சுக்கும்?" என்று கண்ணாடிமேல் மூக்கை அழுத்திக்கொண்டு கேட்டான். நான் அவனுக்கு நாவிதர் கதையைச் சொன்னேன்.

எதியென் தீரியூ என்ற அந்த நாவிதர், சவரக்கத்தியை வைத்துவிட்டு லெ பூஸ் மலையேறிப் போவாராம். கட்டைவிரலை நிமிர்த்தினாற்போல் நிற்கும் மலை அது. 1904 வாக்கில் அந்தப் பக்கத்தில்தான் இந்த எலும்புகளைக் கண்டெடுத்தார். உலகத்து அருங்காட்சியகங்களில் நிற்கும் டோடோக்களில் பெரும்பாலானவை பல பறவைகளின் எலும்புகளைக் கோத்து நிறுத்தியவை. ஒரே பறவையின் எலும்புகளாலான முழுமையான கூடு இங்கே இருப்பது மட்டும்தான். இதை லேசர் கொண்டு அளந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. டோடோவுக்கு முழங்கால் சில்லு உண்டு என்று அப்போதுதான் தெரிந்ததாம்! நூறு வருடத்துக்கும் மேலாகக் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தோமே, முழங்காலை யார் பார்த்தோம்?

மற்ற டோடோக்களின் எலும்புகள் பெரும்பாலும் தென்கிழக்கே மாயேபூருக்கு அருகிலுள்ள மார் ஓ சோஞ்ச் சதுப்பில் கிடைத்தவை. 1865இல் அவற்றைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியர் என்றுதான் புத்தகத்தில் இருக்கும். நானும் பள்ளிக்கூடத்து ஆள், அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் ஹிக்கின்சன் என்ற ரயில்வே பொறியாளரின் நினைவுக் குறிப்பில் வேறொன்றும் இருக்கிறது: அங்கே மண் வெட்டிக்கொண்டிருந்த கூலிகள் எலும்புகளைத் தனியே பிரித்துக் குவித்துக்கொண்டிருந்ததைக் கண்டுதான் அவர் சிலவற்றைக் கிளார்க்கிடம் கொண்டுபோனார். பிறகு கிளார்க் சதுப்பில் ஆட்களை இறக்கினார். மூன்றடித் தண்ணீரில் நின்று, அடியிலிருந்த சேற்றை வெறுங்காலால் துழாவி அவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் இந்தத் தீவில் கூலி என்றால் மதராஸ், கல்கத்தா, பம்பாயில் கப்பலேறி வந்தவர்கள்தான். என் பாட்டனாரின் தகப்பனாரும் அப்படிக் கரும்புக்கு வந்தவர். கிளார்க்கின் பெயர் நின்றது, ஹிக்கின்சன் பெயர் நின்றது, மண்வெட்டி பிடித்தவர்களில் ஒருவர் பெயர்கூட நிற்கவில்லை. உங்கள் கட்டுரையாளர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்பதால் இதை அவருக்குச் சொல்லத் தோன்றியது.

அவர் மாற்றிய எங்கள் ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தால் டோடோவின் தலை நிழலாகத் தெரிந்திருக்கும். அதே தாளில் தமிழ் எழுத்தும் இருக்கிறது.

அடுத்த முறை வந்தால் தகவல் சொல்லச் சொல்லுங்கள், நானே கூட வருகிறேன். பறக்காத சிவப்புக் கானாங்கோழி ஒன்றும் இங்கே இருந்து அழிந்துபோனது. நீண்டு வளைந்த அலகு அதற்கு. அதன் எலும்புகளையும் தீரியூதான் தேடி எடுத்தார். அதைக் கேட்டு வருகிறவர் யாரையும் நான் கண்டதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரிசியஸ்.