சான்றிதழ் வேண்டாம், கூலி தாருங்கள்

குறும்பட விழா ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் அறிவித்தலைப் பார்த்தோம். தமிழ்ப் படங்களுக்குச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சப்டைட்டில் போட 'ஆர்வமுள்ளவர்கள்' தேவையாம். சன்மானம் இல்லை, சான்றிதழும் நல்ல அறிமுகமும் உண்டாம். அதே விழாவில் சமூகவியலாளர் ஆஷ்லி மியர்ஸின் ஆய்வு பற்றி ஓர் அமர்வும் வைத்திருக்கிறீர்கள். வைத்தவர்கள் அதை வாசித்தார்களா?

மியர்ஸ் நியூயோர்க், லண்டன் மொடல்களை ஆராய்ந்து 2011இல் எழுதியது இதைத்தான்: பேர் வாங்கித்தரும் சஞ்சிகைப் படப்பிடிப்புக்குக் காசு சொற்பம், யாரும் மெச்சாத கற்றலொக் (கடைப் பொருள் பட்டியல்) வேலைக்குத்தான் ஒழுங்கான காசு. பேர் ஒருநாள் பெரிய விளம்பர ஒப்பந்தமாகும் என்று காத்திருப்பவர்களில் மிகச் சிலருக்கே அது கைகூடுகிறது. மொடலுக்காவது சஞ்சிகையில் முகம் வரும். சப்டைட்டில் சரியாக அமைந்தால் கண்ணில் படவே படாது, பிழை வந்தால்தான் படும்.

எப்படிப் பிழை வருகிறது என்றால், 20 நிமிடப் படம், வரிக்குச் சுமார் 40 எழுத்து, ஒரு தடவைக்கு இரண்டு வரி. 'போடா விசரா' என்பதை அதே செல்லத்தோடு சிங்களத்தில் அந்த இடத்துக்குள் அடக்க வேண்டும். முடித்துக் கொடுத்த பிறகு இயக்குநர் நடுவில் 9 விநாடியை வெட்டிவிட்டு, "சின்ன மாற்றம்தான்" என்பார். அதற்குப் பின்னால் உள்ள அத்தனை வரியும் 9 விநாடி பிந்தும். இதைவிட மோசம், விநாடிக்கு 24 பிரேம் (படச்சட்டம்) என்று சப்டைட்டில் நேரம் குறித்த படத்தை 25 பிரேமில் வேகமாக ஓட்டுவது. கடைசிக் காட்சியில் சப்டைட்டில் 48 விநாடி பின்னால் நிற்கும். தாய் அழுது ஓய்ந்த பிறகு அவள் வசனம் திரையில் வரும். சபை சிரிக்கும்.

அதனால் கேட்கிறோம்: சப்டைட்டிலுக்குக் கூலி தாருங்கள். நிமிடக் கணக்கில், மொழிக்கு வேறாக, பாதி முன்பணமாக. கடைசி எடிட் கைக்கு வந்த பிறகே வேலை தொடங்கும். அதன்பின் வெட்டினால் திருத்தத்துக்குத் தனிக்காசு.

மண்டபக்காரரிடம் "அறிமுகம் தருகிறோம், வாடகை வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தீர்களா? இடைவேளை ரோல்ஸையும் பற்றீஸையும் சான்றிதழ் கொடுத்தா வாங்குகிறீர்கள்? இந்த ஊரில் கவிஞருக்கும் அறிவிப்பாளருக்கும் அலுமாரி நிறையப் பொன்னாடை இருக்கிறது. அதைக் கொண்டுபோய் மின்கட்டணம் கட்ட முடியவில்லை.

பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து கூலி எவ்வளவென்று போட்டு அறிவித்தலைத் திரும்ப வெளியிடுங்கள். படத்தின் முடிவில் எங்கள் பெயர்களையும் வாசிக்கக்கூடிய அளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
கொழும்பில் சப்டைட்டில் வேலை செய்வோர்