பேர் சொல்லாம உதவின அந்த நல்ல மனசுக்கு நன்றி

கீழக்கரைப் பக்கம் நம்ம ரோஜா குழுவுல இருக்கிற எல்லார் சார்பாவும் எழுதுறேன். எங்க கஷ்டத்தை எங்களுக்கு உதவின அறக்கட்டளை காதுல போட்டது நீங்கதான்னு மட்டும் தெரியும், பேரைக் கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க, வேணாம்னு சொல்லிட்டீங்களாம்.

இந்த ஊர்ல ரோஜா வளர்க்கிறது எவ்வளவு பாடுன்னு வளர்த்தவங்களுக்குத்தான் தெரியும். கிணத்துத் தண்ணி உப்பு, ஊத்துனா இலை ஓரமெல்லாம் கருகிடும், மண்ணோ கடல் மணல், சிப்பித்தூள் கலந்து சுண்ணாம்பா இருக்கும், ரோஜாவுக்கு மண்ணோட பிஎச், அதாவது புளிப்பு-கார அளவு, 6லேர்ந்து 6.5 இருந்தாத்தான் நல்லது, சுண்ணாம்பால அது ஏறிட்டா மண்ணுல இரும்புச்சத்து இருந்தும் வேர் எடுக்காது, நரம்பு மட்டும் பச்சையா நின்னு இலை வெளுத்துப்போகும். ஓசூர்லேர்ந்து ஆசையா வாங்கிட்டு வந்த ஒட்டுச்செடி எத்தனை இப்படிப் போச்சு!

அறக்கட்டளைக்காரங்க பணமா கொடுத்துட்டுப் போகல, எது தேவைன்னு கேட்டு மழைத்தண்ணி புடிக்க டேங்க், செம்மண் லோடு, மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்குன்னு எறக்குனாங்க. எனக்கு அந்த டேங்க்தான் பெருசு, ஐப்பசி கார்த்திகை மழையைப் புடிச்சு வச்சா கோடையில செடி தப்பிச்சிரும். குழுவுல உள்ள அக்காமாருக எல்லாம் உங்களுக்காக துஆ செய்றாங்க, கோயில்ல வேண்டிக்கிறாங்க.

பன்னீர் ரோஜா குச்சி வேர் விட்டு நிக்குது, உங்களுக்குன்னு ஒரு தொட்டி தனியா வச்சிருக்கோம், யார்கிட்டயாவது சொல்லி விடுங்க, வீட்டுக்கே கொண்டாந்து தர்றோம்.