உன் ஊரில் இருக்கும் கற்கள்

அன்புள்ள கயல்,

நானும் அப்பாவும் நலம். மெக்சிகோவில் பலென்கே ஊரில் விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று முழுக்க அலைச்சல், முழங்கால் இன்னும் கடுக்கிறது. ஆனாலும் சூட்டோடு சூடாக உனக்கு எழுதிவிட வேண்டும். நேற்று போன யாஷ்சிலான் என்ற பழைய மாயா நகரத்தின் அருமையான கற்கள் சில நீ இருக்கும் லண்டனில்தான் இருக்கின்றன.

விடிவதற்கு முன்பே வேன் வந்துவிட்டது. தூங்கி வழிந்துகொண்டே காட்டுச் சாலையில் ஃப்ரொன்தேரா கொரோசால் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து ஆற்று வழிதான். உசுமசிந்தா ஆற்றின் இந்தக் கரை மெக்சிகோ, எதிர்க்கரை குவாத்தமாலா. கூரை போட்ட நீளமான மோட்டார் படகில் நீரோட்டத்தோடு போனோம். கரையில் வானளாவ நின்ற மரங்களைக் காட்டி, மாயா மக்களுக்கு இது புனித மரம் என்றார் வழிகாட்டி. பார்த்தால் நம்ம போடிப் பக்கத்து இலவ மரம்! அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கரையேறியதும் ஒரு இருட்டுக் கட்டடத்துக்குள் புகுந்துதான் ஊருக்குள் போக வேண்டும். தலைக்கு மேலே வௌவால்கள், காலடியில் ஈரம். மறுபக்கம் வெளியே வந்தால் பெரிய புல்வெளி, சுற்றிலும் கோயில்கள், எங்கிருந்தோ ஊளைக் குரங்குகளின் உறுமல். செங்குத்தான படிகளில் எங்கள் குழுவில் வந்த ஒரு ஜெர்மன்காரம்மா என் கையைப் பிடித்தவர் உச்சி வரை விடவில்லை. பேசப் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை, இருந்தாலும் அலுப்பு தெரியாமல் ஏறிவிட்டோம்.

மேலே 33ஆம் எண் கட்டடம். வாசலுக்குக் குறுக்கே போட்டிருக்கும் உத்தரக்கல்லின் அடிப்பக்கத்தில்தான் சிற்பம். வாசலில் நின்று கழுத்தை அண்ணாந்தால்தான் தெரியும். ஒரு கல்லில் பறவை ஜாகுவார் என்ற அரசனும் அவன் சின்ன மகனும் எதிரெதிரே நிற்கிறார்கள். பையனுக்கு அப்போது ஐந்து வயதாம். அப்பாவைப் போலவே அவன் கையிலும் பறவை உருவம் வைத்த கோல். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கீழே 23ஆம் எண் கட்டடம் ஷோக் என்ற மாயா அரசிக்கு உரியது. அங்கேதான் மனசு கனத்தது. அதன் உத்தரக்கற்களில் இரண்டை 1880களில் ஆல்ஃபிரெட் மாட்ஸ்லே என்ற ஆங்கிலேயர் எடுத்துப்போனார். இப்போது அவை பிரிட்டிஷ் மியூசியத்தில். மூன்றாவது மெக்சிகோ நகர மியூசியத்தில். அந்த வாசலில் நின்று வழிகாட்டி காட்டிய படத்தைத்தான் பார்த்தோம். அரசி மண்டியிட்டு, முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கில் துளையிட்டு இழுக்கிறாள். கணவன் பக்கத்தில் தீப்பந்தம் பிடித்து நிற்கிறான். 709ஆம் ஆண்டு நடந்த சடங்கு. ரத்தம் ஊறிய காகிதம் விழக் கீழே கூடை. கல்லில் அவள் சேலையின், இல்லை, உடுப்பின் பூவேலை கூட அப்படியே தெரிகிறதாம்.

மத்தியானம் போனாம்பாக் என்ற இன்னொரு பழைய மாயா ஊர். அதைப் பற்றி விரிவாகப் பிறகு எழுதுகிறேன். கிபி 790 வாக்கில் தீட்டிய ஓவியங்கள், மூன்று அறைகள் நிறைய. போரில் பிடிபட்டவர்களின் விரல்களிலிருந்து ரத்தம் சொட்டுகிறது, பார்க்க வயிற்றைப் பிசைகிறது. அங்கே உத்தரக்கற்கள் அதனதன் வாசலிலேயே இருக்கின்றன. யாஷ்சிலானின் அந்த வாசலைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா! இருட்டிய பிறகுதான் விடுதி திரும்பினோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மியூசியத்தில் மெக்சிகோ கூடத்துக்குப் போய்விட்டு வா. அங்கே கற்களைச் சுவரோடு நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். நீ அவை தலைக்கு மேலே இருந்ததாக நினைத்துப் பார். நாக்கில் கயிறு இழுக்கும் கல்லுக்குப் பக்கத்தில், பாம்பின் வாயிலிருந்து ஒரு வீரன் எட்டிப் பார்க்கும் கல்லையும் தேடு. அதில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியிருக்கும். அந்த உடுப்பின் பூவேலையைக் கிட்டப் போய்ப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா